மதுரைக்கு ஒரு டிக்கெட்

தம்பி,

நீ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து ஐந்து நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் வீட்டில் நான் சொன்னதை உன் மனைவி அன்றைக்கே உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். அதன் பிறகு நீ உன் அம்மாவிடம் இரண்டு முறை பேசினாய். குழந்தை பால் குடிக்கிறதா, தூங்குகிறதா என்றெல்லாம் கேட்டாய். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. அதில் உன்மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் உன் மனைவிக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நானே சொல்ல வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது நிறுத்திவிட்டு, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பணியில் இருந்தபோது விபத்து நடந்தால் கண்டக்டர் அறிக்கை எழுதித் தர வேண்டும், அதைத் தவிர நான் நீளமாக எதுவும் எழுதியதில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மகள் பிறந்த நான்காம் நாளிலிருந்து தொடங்குகிறேன். அன்று காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கார் வாசலில் நின்றது. உன் மாமியார் பைகளை எல்லாம் ஏற்றிவிட்டார், வீட்டில் ஆரத்தி கரைத்து வைத்திருப்பதாக இரண்டு தரம் போன் வந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று நர்ஸ் குழந்தையின் காலில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஒரு கிளிப்பை மாட்டினாள். பார்த்தாள். அடுத்த காலில் மாட்டினாள். போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். அவர் ஸ்டெதஸ்கோப்பை அந்தச் சின்ன நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். பிறகுதான் சொன்னார், "இதயத்துல சின்னதா ஒரு சத்தம் கேக்குது. எக்கோ எடுத்துப் பாத்துட்டு அனுப்புறோம். ஹார்ட் டாக்டர் மதுரையில இருந்து வியாழக்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் பிள்ளை எங்க கண்ணு முன்னால இருக்கட்டும்."

அன்று செவ்வாய்க்கிழமை. குழந்தையை உள்ளே பச்சிளங்குழந்தைகள் அறைக்குக் கொண்டு போனார்கள். உன் மாமியார் அழ ஆரம்பித்தார். நீ காருக்குப் போய், ஏற்றிய பைகளை ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி மேலே கொண்டுவந்து வைத்தாய். ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னாய். பிறகு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிரில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாய். இரண்டு நாள் அதுதான் உன் இடம். இரண்டு மணிக்கு ஒரு தரம் உன் மனைவி எடுத்துக் கொடுத்த பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போவாய், நர்ஸ் பாலாடையில் புகட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, எவ்வளவு குடித்தது, எப்படி முழித்தது என்று அவளிடம் சொல்வாய். நாங்கள் பெரியவர்கள் எல்லாம் ஆளாளுக்கு "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். நீ அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "இன்னும் தெரியல. தெரிஞ்சதும் மொதல்ல ஒனக்குத்தான் சொல்வேன்" என்றாய். அறுபது வயதைத் தாண்டிய எனக்கு, பயந்துபோன ஒருத்தியிடம் இப்படிப் பேசலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் நானும் உன் அம்மாவும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தோம். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நீ அவளிடம் சொன்னது வெளியில் எங்களுக்குக் கேட்டது. "நான் பொறந்தப்பவும் இப்படித்தான், வீட்டுக்கு விடல. ஒம்பதாவது நாள்தான் விட்டாங்க. எங்கப்பா அவ்வளவு நாளும் ஆஸ்பத்திரிய விட்டு நகரலயாம். அவுக இருந்தாகள்ல, நானும் இருப்பேன். நீ அழாத." நான் உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை, இரக்கமாகவும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு முதலில் அவள் உள்ளே போனாள்.

மறுநாள் எக்கோ எடுத்தார்கள். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இன்னும் முழுதாக மூடவில்லை, தானாகவே மூடிக்கொண்டு வருகிறது, மருந்துகூட வேண்டாம், மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் அந்த டாக்டர். எல்லோரும் சிரித்தோம். நீ கார் நிறுத்துமிடத்துக்குப் போய், யாரும் இல்லை என்று நினைத்து, வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாய். நான் பார்த்தேன். பக்கத்தில் வந்து உன் தோளில் கை வைக்க வேண்டும் என்றிருந்தது. எந்த உரிமையில் வைப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

தம்பி, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தது நானில்லை. இருந்தது உன் ஒக்கூர் மாமா.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். காரைக்குடி டிப்போ, மதுரை லைன். கல்லூரி வயசுப் பிள்ளைகள் படியில் தொங்கினால் விசிலடித்து உள்ளே ஏற்றுகிற கண்டக்டர், எனக்கே அப்போது முப்பது வயசுதான். நீ பிறந்ததும் பத்து நாள் லீவு போட்டிருந்தேன். முதல் நான்கு நாள் அங்கேதான் இருந்தேன், அதில் பொய்யில்லை. நீ அழவே மாட்டாய். வந்தவர்களிடமெல்லாம் "எம்மகன் சமத்து, சத்தமே போடமாட்டான்" என்று பெருமை பேசினேன். உன்னைக் குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டுமே, எங்களைச் சட்டை செய்யாமல் சுருண்டு தூங்குவாய். உன் விரல்களைப் பிரித்து என் சுண்டுவிரலை உள்ளே வைப்பேன், நீ பிடித்துக்கொள்வாய். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பிடி எனக்குத் தெரியும். பிற்பாடு எவ்வளவோ முறை உன்னைத் தூக்கியிருக்கிறேன், அந்த நான்கு நாள் சந்தோஷம் மாதிரி இன்னொன்று வரவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும். வயதான ஒரு டாக்டர் கடைசியாகப் பார்க்க வந்தார். உன் நெற்றியை விரலால் அமுக்கி எடுத்தார், அமுக்கிய இடம் மஞ்சளாக இருந்தது. காமாலை பல பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார். பிறகு உள்ளங்காலைச் சுண்டினார். நீ லேசாக முனகினாய், அவ்வளவுதான். "இவன் ஏன் அழமாட்டேங்கிறான்?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்தையே அவர் கவலையாகக் கேட்டது எனக்குத் திக்கென்றது. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாத பிள்ளைகள் சிலர் இப்படி இருப்பார்கள், ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், இருந்தால் மாத்திரை கொடுத்துச் சரியாக வைத்துக்கொள்ளலாம், கவனிக்காமல் விட்டால்தான் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்றார். அவர் அவ்வளவு நிதானமாகச் சொன்னதில் என் காதில் விழுந்தது 'மூளை வளர்ச்சி' மட்டும்தான். நான் வளர்ந்த தெருவில் ஒரு பிள்ளை இருந்தான். பன்னிரண்டு வயதிலும் அவனை அவன் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். அவன் அப்பா ஒருநாள் வேலைக்கென்று போனவர் திரும்பவே இல்லை. அவரைப் பற்றித் தெருவே பேசியது, நானும் பேசியிருக்கிறேன்.

உள்ளே வந்தேன். உன் அம்மா, "டாக்டர் என்ன சொன்னாக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு டெஸ்ட் எடுக்கணுமாம். எனக்கு நாளையில இருந்து டூட்டி."

"லீவுன்னுதானே சொன்னீக?"

"கேன்சல் பண்ணிட்டாக."

யாரும் கேன்சல் செய்யவில்லை. நானேதான் டிப்போவுக்குப் போய், எனக்கு வண்டி கொடுங்கள் என்று கேட்டேன். டைம்கீப்பர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளை பொறந்த வீட்ட விட்டுட்டு இங்க என்னய்யா செய்யப் போற?" என்றார். ஆள் பற்றாக்குறை, அதனால் கொடுத்துவிட்டார்.

உன் மாமாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. படித்து முடித்து வேலை கிடைக்காமல் ஒக்கூரில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்குத் துணையாக வந்தவர், நான் போனதும் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலையில் என் வண்டி புறப்பட்டு ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு வந்தபோது கையைக் காட்டியவர் அவர்தான். ஒரு பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். நான் பக்கத்தில் போனேன்.

"மதுரைக்கு ஒண்ணு குடுங்க மாப்ள" என்றார்.

"என்ன மச்சான் இது?"

"பிள்ளையோட ரத்தம். ஐஸ் போட்டுக் குடுத்திருக்காக. பதினோரு மணிக்குள்ள லேப்ல சேத்துரணுமாம்."

நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். தம்பி, அந்த வண்டி மதுரைக்குத்தான் போகிறது. அதில் நான்தான் கண்டக்டர். பெற்ற தகப்பனிடம் கொடுத்தனுப்பலாம் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தகப்பன் எந்த வண்டியில் போகிறான் என்று யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. திருப்பத்தூரில் கூட்டம் ஏறி நெரித்தது. ஒரு அம்மாள் கூடையை அவர் மடியில் வைக்கப் போனார். உன் மாமா இரண்டு கையாலும் பிளாஸ்க்கை மூடிக் குனிந்துகொண்டு, "இதுல பச்சப்பிள்ளை ரத்தம் இருக்குத்தா, கொஞ்சம் அங்குட்டு வையுங்க" என்றார். அந்த அம்மாள் பதறிப்போய், இடிக்க வந்த ஆட்களை எல்லாம் தானே விலக்கிவிட்டுக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாத ஒருத்தி உனக்காகக் காவல் நின்றாள். நான் பின்பக்கம் போய்ச் சில்லறை இல்லாதவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலூரில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். அவர் இறங்கவில்லை. ஒரு டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினேன். "வேணாம் மாப்ள. கையெடுக்கப் பயமா இருக்கு" என்றார். மதுரையில் இறங்கும்போது கேட்டார், "சாயங்காலம் வருவீகள்ல? தங்கச்சி கேட்டுச்சு."

"பாப்போம்" என்றேன்.

போகவில்லை. அன்றும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. போகும்போதும் வரும்போதும் வண்டி அந்த வாசலில் நிற்கும். நான் பின்படியில் நின்று, வேறு பக்கம் பார்த்து விசிலடிப்பேன். தூங்கியது டிப்போ ஓய்வறையில். உன்னைப் பார்த்தால் பிரிய முடியாமல் போய்விடும், அதற்குள் விலகிவிட வேண்டும் என்று நினைத்தேனோ, அல்லது பார்க்காமலிருந்தால் வியாதி உண்மையாகாது என்று நினைத்தேனோ, எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயந்தேன். அவ்வளவுதான் நிச்சயமாகத் தெரியும். எங்கள் தெருப் பிள்ளையின் அப்பா ஏன் திரும்பவில்லை என்பதும் எனக்கு அந்த நாட்களில் புரிந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மதுரையிலிருந்து திரும்பி வரும்போது உன் மாமா ஸ்டாப்பில் நின்றிருந்தார். வண்டி நின்றதும் படியில் ஒரு காலை வைத்து, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. தைராய்டெல்லாம் சரியா இருக்காம். காமாலையும் எறங்கிருச்சு. காலையில இருந்து ஒரே அழுகை. வந்து பாருங்க" என்றார். டிரைவர் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். உன் அழுகை மாடிப்படியிலேயே கேட்டது. உன் அம்மா எதுவும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

உனக்குப் பேர் வைத்த அன்று வீடு நிறைய ஆட்கள். உன் அப்பத்தா எல்லோருக்கும் நடுவில், "ஒம்பது நாளும் ஆஸ்பத்திரியில யாரு இருந்தா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்க்காமல், "இவுகதான் இருந்தாக. நகரவே இல்ல" என்றாள். உன் மாமா பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு போனவர் நின்று, "ஆமா அத்தை" என்றார். அப்படித்தான் அந்தக் கதை பிறந்தது. பிறகு உனக்கு உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரையில்கூட எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் உனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

என்னைக் காப்பாற்றிய மனிதரை எனக்குப் பிடிக்காமல் போனது. இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு, ஓடியதைவிடப் பெரிது. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த பிளாஸ்க் ஞாபகம் வரும். அவர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். உன் காதுகுத்துக்கு அவர் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பஸ் பழுதாகும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் பொறுக்கவில்லை. உன் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மடியில் உன்னை உட்கார வைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். அவர் வேர்க்க விறுவிறுக்க வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொண்டுவந்த சீர்த்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "வேல இல்லாத ஆளுக்கு நேரத்துக்கு வரத் தெரியாதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அதன் பிறகு அவர் நம் வீட்டுக்கு வருவது குறைந்தது. உன் கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போனார். ஒக்கூர் மாமா ஏன் நம்மோடு ஒட்டுவதில்லை என்று நீ கேட்டபோது, அவர் குணம் அப்படி என்று சொன்னேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குழந்தை வீட்டுக்கு வந்த செய்தியை உன் அம்மா அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். நீ சனிக்கிழமை கிளம்பினாய், அவர் மறுநாள் காலையில் உன் மாமனார் வீட்டுக்கு வந்தார், நாங்களும் அங்கேதான் இருந்தோம். முடியெல்லாம் நரைத்துவிட்டது. கால் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையை வாங்கினார். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல" என்றார், எல்லோரும் சிரித்தோம். உன் மனைவி அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னாள், "இவ அப்பா பொறந்தப்பவும் இதே மாதிரிதானாம் மாமா. எங்க மாமனார் ஒம்பது நாளும் கூடவே இருந்தாகளாம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அவர் குழந்தையைப் பார்த்தபடியே, "தெரியும்மா. இருந்தாக" என்றார்.

முப்பத்தொரு வருடம் கழித்தும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. "இல்லம்மா. நான் இல்ல. பயந்து ஓடிட்டேன். இருந்தது இவுகதான். பிள்ளை ரத்தத்தக் கையில பிடிச்சிக்கிட்டு மதுரைக்குப் போனதும் இவுகதான்" என்றேன். உன் மாமனார் பேப்பரைக் கீழே வைத்தார். உன் அம்மா எழுந்து சமையற்கட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன், முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னைக்காவது சொன்னீகளே" என்றாள். அவள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தன் கூடப்பிறந்தவரை இழந்திருந்தாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவரை பஸ் ஏற்றிவிட நானும் கூடவே நடந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "அன்னைக்கு லேப்ல பிளாஸ்க்கக் குடுத்துட்டு நான் என்ன செஞ்சேன் தெரியுமா மாப்ள? ஊருக்கே திரும்ப வேணாம், இப்படியே மெட்ராசுக்கு வண்டியேறிருவோம்னு ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருந்தேன். என்ன ரிசல்ட்டு வருமோ, அத எப்படித் தங்கச்சிகிட்டச் சொல்லுவேன்னு. கையில காசில்ல, அதான் வந்துட்டேன்" என்றார். பிறகு, "நீங்க சம்பந்தி வீட்ல எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்க வேணாம். மருமகப்பிள்ள மனசு கஷ்டப்படும்" என்றார். அப்போதும் அவர் கவலை உன்னைப் பற்றித்தான்.

தம்பி, உனக்கு நான் புத்தி சொல்லும் இடத்தில் இல்லை. ஆனாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் மகளை வளர்க்கும்போது நீயும் ஒருநாள் பயந்து எங்காவது போய் நிற்பாய். நின்றால் அன்று சாயங்காலமே திரும்பி வந்து, போனேன் என்று சொல்லிவிடு. அடுத்த நாளுக்கு வைக்காதே. உன்னைவிட நன்றாக நடந்துகொண்ட ஆளைப் பகைத்துக்கொள்ளாதே. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் நீ என்னைப் பார்த்து எதையும் செய்யவில்லை. நான் இருந்தேன் என்று நம்பியதால் நீ இருந்தாய் என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நீ. அது உன்னுடையது.

என்னோடு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு. ஆனால் மாமாவைத் தள்ளிப் போடாதே. அவர் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. காலையில் வயலில் இருப்பார், பத்து மணிக்கு மேல் கூப்பிடு. காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். யார் என்று கேட்டால் பேரைச் சொல்லாதே. நான்தான் மாமா, உங்க மருமகன் என்று சொல்.

அப்பா